சின் சாவ் என்றால் வணக்கம்

‘டீச்சர் கிளம்பியாச்சு’ – ஏழாம் வாரம்

“சின் சாவ்” என்றாள் கலாமணி, கொதிக்கிற ரசத்தைப் பார்த்து.

ரசம் பதில் சொல்லவில்லை. அடுப்புத் திட்டின் மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசிக்குள் இருந்த பெண்தான், உச்சரிப்பு போதாது என்று மறுபடி சொல்லச் சொன்னாள். கலாமணி ஆசிரியை. மறுபடி சொல்லச் சொல்வது தன் வேலை என்று இத்தனை காலம் நினைத்திருந்தவள்.

“சின் சாவ். சின் சாவ். சின்… சாவ்!”

கடைசி சாவ் கொஞ்சம் ஓங்கி விழுந்தது. சமையலறை வாசலில் காலடிச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஏஞ்சாமி, நல்ல காரியம் பேச வாரப்போ என்ன பேச்சு இது? காலங்காத்தால சாவுங்கறே!”

அப்பா. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய பாலுசாமி, கோயம்புத்தூர் கணபதியில், மகள் வீட்டுச் சமையலறை வாசலில், கஞ்சி மொடமொடக்கும் வேட்டியோடு நின்றிருந்தார்.

“சாவு இல்லீங்கப்பா. வியட்நாம் பாஷைல வணக்கமுங்க.”

“வணக்கத்துக்கு வேற வார்த்தையே கெடைக்கலியாமா அந்த ஊர்க்காரனுக்கு?”

ஒரு வாரத்தில் வாசகர்களுக்கும் எத்தனையோ வேலை இருந்திருக்கும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடலாம். கலாமணி புவியியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றம் நடத்துகிறவள். கடலுக்குள்ளிருந்து பாறைகள் நட்டுக்குத்தலாக எழுந்து நிற்கும் வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து, கண்ணை மூடிக்கொண்டே வரையும் அளவுக்குத் தேறிவிட்டாள். போன வருடம் ஒரு பெண் எழுந்து, “மிஸ், நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுத் தொலைத்தது. “படத்துல” என்றாள் கலாமணி. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பயண ஆசை.

கோடை விடுமுறையில், தனியாக, ஒரு வாரம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அக்ஷயா டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள், மாற்றவும் முடியாத ரத்து செய்யவும் முடியாத வகையில். “உன்னய எனக்குத் தெரியும்மா” என்று காரணமும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஆறு வாரமாகப் பார்த்துவிட்டோம். விசா விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்று உட்கார்ந்த கணவர் தனபால், பழக்க தோஷத்தில் ‘ஆண்’ என்று தட்டிவிட்டு, இரண்டாம் முறை விண்ணப்பிக்க வைத்தார். எதிர்வீட்டு அம்மா, கலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில், “டாக்டர் ஏதாச்சும் சொல்லீட்டாருங்களா?” என்று கேட்டார். பாலுசாமி மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அங்க உனக்கு என்ன சோலி?”

“சோலி இல்லீங்கப்பா. சோலோ.”

“அதான் கேக்கறேன், என்ன சோலி?”

சோலி இல்லாமல் போவதற்குப் பெயர்தான் சோலோ என்பதை அவருக்குப் புரியவைக்க கலாமணியின் புவியியல் போதவில்லை.

இதற்குள் தனபால் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தார். பம்புசெட்டுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை அவருடையது. பெண்டாட்டி தனியாக ஊர் சுற்றப் போகிறாள் என்று பட்டறையில் எப்படிச் சொல்வது? ‘டீச்சர் ட்ரெய்னிங்’ என்று சொல்லிவிட்டார். பட்டறையிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சொந்தத்துக்கும் அது போய், கலாமணியின் ட்ரெய்னிங்கைப் பற்றிக் கலாமணிக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

“சரிங்கப்பா, என்ன நல்ல காரியம்?”

“பொண்ணு ஊட்டுல சரின்னுட்டாங்க அம்மணி. தெகஞ்சிருச்சு! இன்னிக்கு உப்புச்சக்கரை மாத்தறோம். கெளம்பு.”

கலாமணி கரண்டியோடு அப்படியே சிரித்தாள். வியட்நாம் ஒரு நிமிடம் மறந்தே போனது.

தம்பி நஞ்சுண்டனுக்கு முப்பத்தொன்பது வயது. தோப்பு இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பெண் வீட்டார் எல்லாருக்கும் தோப்பு பிடித்தது. மாப்பிள்ளை அந்தத் தோப்புக்குள் இருப்பதுதான் பிடிக்கவில்லை. “பையன் பெங்களூர்ல இருந்துட்டு, தோப்பு உடுமலைல இருந்தா யோசிக்கலாமுங்க” என்றார் ஒருவர். கொடுமுடி பிரீத்திகா மட்டும், பார்க்கப் போன அன்று அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “கெணத்துல தண்ணி எந்த மாசம் வரைக்கும் நிக்கும்?” நஞ்சுண்டன் அதற்குச் சொன்ன பதில் காபி ஆறி, பலகாரம் தீர்ந்து, கார் கிளம்பும்வரை முடியவில்லை. அப்போதே கலாமணிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“முகூர்த்தம் எப்பங்கப்பா?”

“வைகாசி வளர்பிறைல. ஞாயித்துக்கெழம.”

கலாமணி குளிர்சாதனப் பெட்டியின் மேல் தொங்கிய காலண்டரைத் திருப்பினாள். வைகாசி வளர்பிறை ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் நீலப் பேனாவில் ஒரு படகு வரைந்திருந்தது. அவளே வரைந்தது. பாய்கூட இருந்தது.

“அன்னிக்கு நான் இங்க இல்லீங்களே.”

“மாத்திக்க கண்ணு.”

“ஆனில வெச்சுக்கலாமுங்களே. ஆனிலதான் நல்ல முகூர்த்தம் இருக்குதே?”

“ஆவாது. பொண்ணோட அண்ணன் அருண்குமாரு ஆஸ்திரேலியாவுல இருந்து வாரான். டிக்கெட்டு போட்டுட்டானாம். டிக்கெட்டு போட்டத மாத்தச் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“நானும் டிக்கெட்டு போட்டிருக்கனுங்கப்பா.”

பாலுசாமி சிரித்தார். பால் பல் விழாத குழந்தை, பெரிய மனுஷி மாதிரிப் பேசும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

“அவன் கல்யாணத்துக்கு வாரான். நீ சும்மா போறே. சும்மா போறத எப்ப வேணா போய்க்கலாம்.”

“அட கெரகத்த!”

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரைச் சொன்னாள் என்று பாலுசாமி கேட்கவில்லை.

விருந்தாளியாகப் போய் மொய் எழுதிவிட்டு வரும் கல்யாணமாக இருந்தால் கலாமணி கவலைப்பட்டிருக்க மாட்டாள். இது இணைச்சீர் விவகாரம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு நுனி அவன் கையில், மறு நுனி இவள் கையில். நஞ்சுண்டனுக்கு உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான்.

“உங்கொம்மா இருந்திருந்தா…” என்று பாலுசாமி ஆரம்பித்தார்.

“அப்பா, அம்மாவ இழுக்காதீங்க. சேலை மாத்தீட்டு வாரேன்.”

உள்ளறையிலிருந்து தனபால் குரல் வந்தது. “கலா, என்ற வெள்ளைச் சட்டை எங்க?”

“உங்க முன்னால தொங்குது பாருங்க.”

“அட, ஆமா.”

இந்த மனிதர் ஒரு வாரம் தனியாக இருக்கப் போகிறார் என்பதுதான் இந்தத் தொடரின் உண்மையான சாகசம் என்று கலாமணிக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு.

கீழே கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் கல்யாண மாப்பிள்ளையே இருந்தான். உடுமலையிலிருந்து கொடுமுடிக்குத் தாராபுரம் வழியாக நேரே போய்விடலாம். அதை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் வழியாகச் சுற்றி வருகிறவர்கள், யாரையோ தப்பிக்க விடாமல் அள்ளிக்கொண்டு போக வருகிறார்கள் என்று அர்த்தம்.

பல்லடம் தாண்டும்வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தனபால் மட்டும், காற்றாலை ஒவ்வொன்றையும் பார்த்து, இது ஓடுகிறது, இது ஓடவில்லை என்று தகவல் சொல்லிக்கொண்டு வந்தார். பாலுசாமி முன்னிருக்கையில் தூங்கிப்போனார். அதற்குப் பிறகுதான் நஞ்சுண்டன் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான்.

“அக்கா, நீ போய்ட்டு வா. சித்தப்பன் மக வர்ஷினிய இணைச்சீருக்கு நிக்கச் சொல்லிக்கறேன்.”

சொன்ன வார்த்தை பெருந்தன்மையாகத்தான் இருந்தது. சொன்ன முகம், ஐஸ் வண்டி போய்விட்ட பிறகு தெருவில் நிற்கிற முகம்.

“வர்ஷினி நிப்பாளாமா? வெளிய தெரியற மாதிரி இவ்வளவு மைய காதுல பூசிட்டு வந்திருக்கறே, அதச் சொல்லவாச்சும் சொல்லுவாளா அவ?”

கலாமணி கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, முன்னால் எக்கி, தம்பியின் காது ஓரத்தில் ஒழுகிக் காய்ந்திருந்த தலைச்சாயத்தைத் தேய்த்தாள்.

“வலிக்குதுக்கா.”

“வலிக்கட்டும். ரோட்டப் பாத்து ஓட்டு.”

கொஞ்ச தூரம் போனதும் அவன் மெதுவாகச் சொன்னான். “தேதிய மாத்தச் சொல்லி மட்டும் அவங்க ஊட்டுல கேக்காதக்கா. போன தடவ ஆனில பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டம். ஆடி பொறக்கறதுக்குள்ள அந்தப் புள்ள ஐதராபாத்துக்குப் போயிருச்சு. ஊட்டுக்காரரோட.”

கலாமணி பின்னால் சாய்ந்துகொண்டாள். கேட்டால் தம்பி கல்யாணம் போய்விடலாம். கேட்காவிட்டால் படகு போய்விடும். காங்கயம் வந்தது, போனது. கண்ணை மூடினால் பாறைகள் வரிசையாக நின்றன. அதன் நடுவே ஒரு படகு, அதில் ஒரு நாற்காலி, அதில் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிராத ஒரு பெண். படகுக்குள்ளிருந்து தனபால் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தாள். நிஜமாகவே கேட்டிருந்தார்.

“தண்ணி பாட்டில் எங்க கலா?”

“உங்க மடியிலதானுங்க இருக்குது.”

கொடுமுடியில் வெயில் காவிரி மணலை வறுத்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா ராசப்பன் தெருமுனைக்கே வந்துவிட்டார். “வாங்க மச்சான், வாங்க! மாப்ளே, வாங்க! டீச்சரம்மா, வாங்கம்மா!” என்று ஆளுக்கொரு வாங்க சொல்லி உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் பங்காளிகள் பத்துப் பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்கதவு ஓரமாக நின்றார்கள்.

உப்புச்சக்கரை பெரிய சடங்கு ஒன்றுமில்லை. இந்த வீட்டார் கையில் உப்புத் தட்டு, அந்த வீட்டார் கையில் சர்க்கரைத் தட்டு. கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் வார்த்தை மாறக்கூடாது. பாலுசாமி உப்பை ஏந்தினார். ராசப்பன் சர்க்கரையை ஏந்தினார். ஏந்திய கையோடு, மரியாதைக்காக ஒரு வார்த்தை பேசலாமே என்று நினைத்தவர் ராசப்பன்தான்.

“டீச்சரம்மா ட்ரெய்னிங்குக்கு வெளிநாடு போறாங்களாமா? தனபால் மாப்ள போன்ல சொன்னாருங்க. பெரிய சந்தோஷமுங்க. எப்பம்மா பயணம்?”

தனபால் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

பொய் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல என்பதால் கலாமணி தேதியைச் சொன்னாள். “கல்யாணத்தன்னைக்கு அங்கதானுங்க மாமா இருப்பேன்.”

நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டான். சர்க்கரைத் தட்டு பாதி வழியில் நின்றது.

“அட, இத முன்னாலயே சொல்றதில்லீங்களா?” என்றார் ராசப்பன். “இணைச்சீருக்கு ஆளில்லாம என்ன கல்யாணமுங்க? ட்ரெய்னிங்குன்னா பள்ளிக்கூடத்துச் சோலி. நாம மாத்தச் சொல்ல முடியுமா? அருணுகிட்டப் பேசி அவன் டிக்கெட்ட மாத்திக்கச் சொன்னாப் போச்சு. ஆனில வெச்சுக்கலாமுங்க.”

அவ்வளவுதான். காலையிலிருந்து அசையாத மலை, ‘ட்ரெய்னிங்’ என்ற ஒரு வார்த்தைக்கு எழுந்து நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. பாலுசாமி முகம் மலர்ந்தது. நஞ்சுண்டன் மூச்சு விட்டான். தனபால் மின்விசிறியிலிருந்து இறங்கி, ‘பாத்தியா?’ என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

கலாமணி தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

ஆட்டத்தான் போனாள். ஆனால் அந்தப் புருவம் இருக்கிறதே, அது அவளால் தாங்க முடியாமல் போய்விட்டது. இனி ஆயுள் முழுக்க அந்த ட்ரெய்னிங்கில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஹா லாங்கில் படகில் உட்கார்ந்தாலும் சோலியாகத்தான் உட்கார வேண்டும்.

“ட்ரெய்னிங் இல்லீங்க மாமா” என்றாள். “சும்மா போறனுங்க. தனியா. சுத்திப் பாக்க.”

தனபால் மறுபடி மின்விசிறிக்கே ஏறிப்போனார்.

பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் காதருகே கையை வைத்துக்கொண்டு கேட்டார். “தனியான்னா எப்படிங்க?”

“கூட யாரும் இல்லாமலுங்க.”

“கூட யாரும் இல்லாம இருக்கறதுக்கு எதுக்குங்க அத்தன தூரம்? இங்கயே இருக்கலாமே?”

“இங்க இருக்க உட்டாத்தானுங்களே!”

உள்கதவுப் பக்கம் ஒரு பெண் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டாள். ராசப்பன் சர்க்கரைத் தட்டை இடது கைக்கு மாற்றினார். அவருக்குச் சங்கடம்.

“அப்ப… சும்மான்னா… நீங்க மாத்திக்கலாமில்லீங்களா டீச்சரம்மா?”

காலையிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, கலாமணிக்குக் கோபம்கூடத் தீர்ந்துபோயிருந்தது. வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குப் பாடம் சொல்கிற குரல்தான் வந்தது.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. ட்ரெய்னிங்குன்னு நெனச்சப்போ உங்க பையன் டிக்கெட்டு மாறுச்சு. சும்மான்னதும் என்ற டிக்கெட்டு மாறோணும்ங்கறீங்க. ரெண்டும் டிக்கெட்டுத்தானுங்களே? என்னயக் கேட்டாப்பல அவரயும் ஒரு வார்த்தை கேளுங்க. அவரு முடியாதுன்னு சொல்லட்டும், நான் எங்கயும் போகல. வைகாசிலயே என்ற தம்பிக்கு இணைச்சீருக்கு வந்து நிக்கறேன்.”

“அக்கா!” என்றான் நஞ்சுண்டன்.

“நீ சித்த சும்மா இரு.”

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒன்பதாம் வகுப்புப் படம், அக்ஷயாவின் டிக்கெட், நீலப் பேனாப் படகு, எல்லாவற்றையும் தூக்கி, இதுவரை பார்த்தேயிராத ஒருவனின் வாயில் வைத்துவிட்டாள்.

ராசப்பன் ஒரு கையில் சர்க்கரையோடு மறுகையால் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடும்படி மூத்தவர் சைகை காட்டினார். மணி அடித்தது. கலாமணி சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்துப்போனது தெரியவில்லை.

“சொல்லுங்கப்பா” என்றது ஆஸ்திரேலியா.

“கண்ணு, உன்ற டிக்கெட்ட ஆனிக்கு மாத்தற மாதிரி இருக்குமா?”

“எந்த டிக்கெட்டுங்கப்பா?”

“பாப்பா கல்யாணத்துக்கு வாரதுக்குப் போட்டியல்ல, அது.”

“நான் இன்னும் டிக்கெட்டே போடலீங்களே. நீங்க தேதி சொன்னாத்தானே நான் போட முடியும்?”

உடுமலையிலிருந்து கணபதிவரை, கணபதியிலிருந்து கொடுமுடிவரை ஒரு குடும்பமே ஒதுங்கி நின்று வழிவிட்ட டிக்கெட், உலகத்தில் எங்கேயும் இல்லை.

“அப்பறம் டிக்கெட்டு போட்டாச்சு, மாத்த முடியாதுன்னு எங்கிட்டச் சொன்னது யாரு?” என்றார் ராசப்பன், போனைப் பார்த்து.

“நாந்தானுங்கப்பா சொன்னேன்.”

குரல் போனிலிருந்து வரவில்லை. உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பிரீத்திகா நின்றிருந்தாள். பட்டுச்சேலை, நெற்றியில் வியர்வை. சற்று முன் சிரித்து இருமியது இவள்தான் என்று கலாமணிக்குப் புரிந்தது. இப்போது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

“எனக்கு அந்தத் தேதிதான் வேணும். அதுக்கு மேல தள்ளுனா ஆவாதுங்கப்பா.”

“ஏன் பாப்பா? என்ன ஆவாது?”

பிரீத்திகா அப்பாவைப் பார்க்கவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவனையும் பார்க்கவில்லை. நஞ்சுண்டன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தால் கீழே விழுவான். அவள் கலாமணியைப் பார்த்தாள். காலையிலிருந்து எல்லாரும் அவரவருக்கு வேண்டியதை அடுத்தவர் பேர் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள். எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவள், கலாமணியைத் தவிர, அந்தக் கூடத்தில் இவள் ஒருத்திதான்.

“அண்ணி, சித்த மாடிக்கு வாரீங்களா? உங்ககிட்ட மட்டும் சொல்லோணும்.”

கலாமணி எழுந்தாள். பங்காளிகள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

“அம்மணி!” பாலுசாமியின் குரல் பின்னாலிருந்து வந்தது. உப்புத் தட்டு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. “இத நான் என்ன பண்றது? கை கடுக்குது.”

அவள் மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

“புடிச்சுட்டே இருங்கப்பா. கீழ மட்டும் வெச்சுப்போடாதீங்க, வாரேன்.”

(தொடரும்)